ஹிஸ்டோரியன் சர்வீஸ் நின்றுபோனால் தானாக எழ வைப்பது எப்படி

ஹிஸ்டோரியன் என்பது ஆலையின் அளவீடுகளை நேரத்தோடு பதிந்து வைக்கும் மென்பொருள்; திரைக்குப் பின்னால் சர்வீஸாக ஓடும். அது நின்றால் பிளான்ட் நிற்காது. அதனாலேயே அது நின்றது யாருக்கும் தெரியாது. பம்ப் ஓடும், இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி ஓடும், ஆபரேட்டர் பார்க்கும் ஸ்காடா திரையில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை நள்ளிரவில் விழுந்த சர்வீஸை, திங்கள் காலை மீட்டிங்குக்கு டிரெண்ட் (அளவீடு நேரப்படி மாறுவதைக் காட்டும் வரைபடம்) எடுக்கப் போகிறவர்தான் முதலில் பார்ப்பார். அதற்குள் முப்பது மணி நேரத்துக்கு மேலான பதிவு போயிருக்கும்.

கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பகுதிகளிலும் இது வெறும் அலுவலகத் தொந்தரவாக முடிவதில்லை. அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் கழிவுநீரையும் புகையையும் ஆன்லைனில் தொடர்ந்து அளக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லியிருக்கிறது. ரசாயன, மருந்து ஆலைகள் அதில் அடங்கும். பதிவில் ஓட்டை விழுந்தால் காரணம் கேட்பார்கள். மருந்து ஆலையில் ஒரு பேட்சின் வெப்பநிலைப் பதிவு இல்லையென்றால், அந்த பேட்சையே வெளியே விட முடியாமல் போகலாம்.

இங்கே சொல்வது விண்டோஸ் சர்வரில் சர்வீஸாக ஓடும் எந்த ஹிஸ்டோரியனுக்கும் பொருந்தும். லினக்ஸுக்குத் தனியே பின்னால் வருகிறது.

விண்டோஸ் எதைத் தோல்வி என்று எண்ணுகிறது

சர்வீஸ் விழுந்தால் என்ன செய்வது என்று விண்டோஸில் அமைக்கும் இடம் ரிகவரி டேப். அதைத் திறப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஒரு சர்வீஸின் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் அதன் புரோகிராம்), “நான் நின்றுவிட்டேன்” என்று விண்டோஸுக்குச் சொல்லாமல் செத்தால்தான் விண்டோஸ் அதைத் தோல்வியாக எண்ணும். நீங்களே ஸ்டாப் பொத்தானை அழுத்தி நிறுத்தினால் அது தோல்வி ஆகாது, மறுபடி எழவும் எழாது. சில ஹிஸ்டோரியன்கள் உள்ளே கோளாறு வந்ததும் பிழை எண்ணைச் சொல்லிவிட்டு முறைப்படி நின்றுகொள்ளும். அதையும் விண்டோஸ் கண்டுகொள்ளாது, ரிகவரி டேபின் அடியில் இருக்கும் “எனேபிள் ஆக்‌ஷன்ஸ் ஃபார் ஸ்டாப்ஸ் வித் எரர்ஸ்” கட்டத்தை டிக் செய்யாதவரை. அந்த டிக் இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் சரியாக அமைத்துவிட்டு, “ஏன் எழவில்லை” என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது.

இன்னும் இரண்டு நிலைகள் ரிகவரி டேபின் கைக்கு எட்டாதவை. ஒன்று, சர்வீஸ் தொடங்கவே முடியாதது: லாகான் பாஸ்வேர்டு காலாவதியானால் 1069 பிழை வரும், அங்கே சாவதற்குப் புராசஸே இல்லை. இரண்டு, சர்வீஸ் “ரன்னிங்” என்று காட்டியபடியே உறைந்து நிற்பது. முதலாவதை முன்கூட்டியே தடுக்க வேண்டும், இரண்டாவதற்குத் தனிக் காவல் வேண்டும். இரண்டையும் கீழே பார்க்கலாம்.

ரிகவரி டேப்

சர்வீசஸ் ஜன்னலில் ஹிஸ்டோரியனின் முதன்மை சர்வீஸை, அதாவது ஆர்க்கைவ் (பதிவுகள் சேரும் கோப்பு) எழுதுவதை, ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். ஜெனரல் டேபில் ஸ்டார்ட்அப் டைப் “ஆட்டோமேட்டிக்” ஆக இருக்கட்டும். ரிகவரி டேபில் இப்படி வையுங்கள்:

முதல் தோல்வி: ரீஸ்டார்ட் த சர்வீஸ்.
இரண்டாவது தோல்வி: ரீஸ்டார்ட் த சர்வீஸ்.
அடுத்தடுத்த தோல்விகள்: ரன் எ புரோகிராம்.
தோல்வி எண்ணிக்கையை ரீசெட் செய்வது: 1 நாள்.
ரீஸ்டார்ட் செய்யக் காத்திருப்பது: 1 நிமிடம்.

ரீசெட் கட்டத்தில் முதலில் 0 என்று இருக்கும். அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு தோல்வியும் “முதல்” தோல்வியாகவே எண்ணப்படும். இரண்டாவது, மூன்றாவது வரிகளுக்கு முறை வரவே வராது, சர்வீஸ் நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்து எழுந்தபடி இருக்கும். 1 என்று வைத்தால், ஒரு முழு நாள் தோல்வியே இல்லாமல் கழிந்தால்தான் எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். இருபது மணி நேரத்துக்கு ஒருமுறை விழுகிற சர்வீஸும் மூன்றாவது முறை பிடிபட்டுவிடும்.

மூன்றாவதிலும் ரீஸ்டார்ட்டையே ஏன் வைக்கக் கூடாது? ஒருமுறை விழுவது தற்செயலாக இருக்கலாம், இருமுறை என்றாலும் பொறுக்கலாம். மூன்றாவது முறை விழுந்தால் ஆர்க்கைவ் கோப்பு கெட்டிருக்கிறது, டிஸ்க் நிரம்பியிருக்கிறது அல்லது மெமரி கசிகிறது. கெட்ட ஆர்க்கைவை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தொடங்கினால் ஓட்டை பெரிதாகும். அங்கே நிறுத்தி, ஆளைக் கூப்பிடுவதுதான் சரி. அதுவரை டேட்டாவை, பிஎல்சியிடமிருந்து வாங்கி அனுப்பும் கலெக்டர் புரோகிராமின் பஃபர் (தற்காலிகச் சேமிப்பு) தாங்கும். “ரீஸ்டார்ட் த கம்ப்யூட்டர்” என்ற தெரிவை ஹிஸ்டோரியனுக்கு வைக்கவே வேண்டாம். டிஸ்க் நிரம்பிய சர்வர் இரவு முழுக்க பூட் ஆகிக்கொண்டே இருக்கும், காலையில் எது முதலில் கெட்டது என்று லாகில் தேடவும் முடியாது.

ரன் எ புரோகிராமில் வைக்கும் ஸ்கிரிப்ட், சர்வீஸ் எந்த அக்கவுன்ட்டில் ஓடுகிறதோ அதே அக்கவுன்ட்டில்தான் ஓடும், திரைக்குப் பின்னால். மெசேஜ் பாக்ஸ் போட்டால் யார் கண்ணிலும் படாது. மெயில் அனுப்புவதோ, ஜிஎஸ்எம் மோடம் வழியே எஸ்எம்எஸ் அனுப்புவதோ, பிஎல்சியில் ஒரு பிட்டை ஏற்றி கன்ட்ரோல் ரூம் அலாரம் அடிக்க வைப்பதோ நல்லது. கடைசியாகச் சொன்னதே இரவு ஷிப்ட்டில் பலன் தரும், மெயிலை யாரும் மூன்று மணிக்குப் பார்ப்பதில்லை. ஸ்கிரிப்ட்டை உங்கள் சொந்த லாகினில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். அந்த சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கு மெயில் சர்வரை எட்டும் உரிமை இல்லாமல் இருக்கலாம்.

டேபில் காத்திருப்பு நேரம் ஒன்றைத்தான் தர முடியும். முதல் முறை 1 நிமிடம், இரண்டாம் முறை 5 நிமிடம் என்று வேறுபடுத்த வேண்டுமானால், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ஜன்னலில் எஸ்சி கட்டளையின் ஃபெயிலியர் பிரிவைப் பயன்படுத்துங்கள். அதில் ரீசெட் நொடியில் (86400), காத்திருப்பு மில்லிநொடியில் (60000, 300000). இந்த இரண்டு அலகையும் குழப்பி, 60 என்று போட்டு 0.06 நொடியில் ரீஸ்டார்ட் ஆக வைத்துவிடுவது எளிது. சமக்குறிக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட மறக்காதீர்கள். போட்டபின் க்யூஃபெயிலியர் பிரிவால் திரும்பப் படித்துச் சரிபாருங்கள்.

இடைவெளி ஏன் ஒரு நிமிடம்? செத்த புராசஸ் பிடித்திருந்த கோப்புகளும் நெட்வொர்க் போர்ட்டும் விடுபடக் கொஞ்ச நேரம் வேண்டும். உடனே எழுப்பினால் “போர்ட் பயன்பாட்டில் உள்ளது” என்று சொல்லி மறுபடி விழும், உங்கள் இரண்டு ரீஸ்டார்ட் வாய்ப்பில் ஒன்று வீணாகும்.

யார் முன்னே, யார் பின்னே

ஹிஸ்டோரியன் தனி ஆள் இல்லை. டேக் (ஒவ்வொரு அளவீட்டுக்கும் இட்ட பெயர்) விவரங்களை வைத்திருக்கும் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ், ஆர்க்கைவ் சர்வீஸ், பிஎல்சியிடமிருந்து வாங்கிவரும் கலெக்டர், ரிப்போர்ட் சர்வீஸ் என்று ஒரு குடும்பமே உண்டு. ஆர்க்கைவ் சர்வீஸ் எஸ்க்யூஎல்லைச் சார்ந்தது என்று டிபென்டன்சி போட்டுவிடுங்கள். ஆனால் அது தொடங்கும் வரிசையை மட்டுமே பார்த்துக்கொள்ளும். எஸ்க்யூஎல் “ரன்னிங்” ஆனதும் அடுத்தது தொடங்கிவிடும், டேட்டாபேஸ் இன்னும் மீட்பில் இருந்தாலும் சரி. பெரிய டேட்டாபேஸானால் அந்த இடைவெளியில் ஹிஸ்டோரியன் தொடங்கப் பார்த்துத் தோற்கும். அதற்கு “ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட்” உதவும். மற்ற ஆட்டோமேட்டிக் சர்வீஸ்கள் எழுந்தபின் ஏறத்தாழ 2 நிமிடம் கழித்து அது தொடங்கும். ஒரு எச்சரிக்கை: ஹிஸ்டோரியனைச் சார்ந்த வேறொரு சர்வீஸ் வெறும் ஆட்டோமேட்டிக்காக இருந்தால், அது எழும்போது ஹிஸ்டோரியனையும் இழுத்துக்கொண்டு எழும், தாமதம் பொய்யாகிவிடும். சார்ந்தவை எல்லாவற்றையும் டிலேய்டுக்கு மாற்றுங்கள்.

ஆர்க்கைவ் சர்வீஸ் திடீரென்று செத்தால் அதைச் சார்ந்த ரிப்போர்ட் சர்வீஸ் சாவதில்லை, அறுந்த இணைப்போடு ஓடிக்கொண்டிருக்கும். அது தானாக மறுஇணைப்புச் செய்யும் வகையா என்று சோதித்துப் பாருங்கள். இல்லையென்றால் ஈவென்ட் லாகில் 7031 வந்ததும் அதையும் ரீஸ்டார்ட் செய்யும் டாஸ்க் ஒன்று வேண்டும். 7031 என்பது “எதிர்பாராமல் செத்தது, மீட்பு நடவடிக்கை எடுக்கிறேன்” என்று விண்டோஸ் எழுதும் குறிப்பு. நடவடிக்கை எதுவும் அமைக்கப்படாமல் செத்தால் 7034. எல்லா சர்வீஸுக்கும் இதே எண்கள்தான் வரும் என்பதால், டாஸ்க்கில் சர்வீஸின் பெயரையும் வைத்து வடிகட்டுங்கள்.

பூட் ஆகும்போது 7009, 7000 என்று இரண்டு குறிப்பு சேர்ந்து வந்தால், சர்வீஸ் 30 நொடிக்குள் விண்டோஸுக்குப் பதில் சொல்லவில்லை என்று பொருள். பழைய சுழலும் டிஸ்க் உள்ள சர்வர்களில் இது சகஜம். ரெஜிஸ்ட்ரியில் கன்ட்ரோல் கிளையின் கீழ் சர்வீசஸ்பைப்டைம்அவுட் என்ற டிவேர்டு மதிப்பை 120000 என்று டெசிமலில் வைத்து, மெஷினை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பாஸ்வேர்டு விஷயம் சிறியது, ஆனால் கொடியது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸுக்கு பாஸ்வேர்டு காலாவதியானது தெரியாது. மாதக்கணக்கில் நன்றாக ஓடும். என்றோ ஒருநாள் விழுந்து எழப் பார்க்கும்போதுதான் 1069. சர்வீஸுக்கென்று தனி அக்கவுன்ட் வைத்து, டொமைனில் இருந்தால் குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுன்ட் (பாஸ்வேர்டை விண்டோஸே மாற்றிக்கொள்ளும் வகை) ஆக்கிவிடுங்கள். யாருடைய சொந்த லாகினிலும் ஓட விடாதீர்கள்.

மின்சாரம், மழை, புயல்

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பெரும் புயலில் மின்கம்பங்கள் சாயும், மின்சாரம் நாள்கணக்கில் வராது. சாதாரண வடகிழக்குப் பருவமழையில் வேறு மாதிரி: கரண்ட் போகும், வரும், பத்து நிமிடத்தில் மறுபடி போகும். ஹிஸ்டோரியனுக்கு இந்த இரண்டாவதுதான் அதிகத் தீங்கு. ஆர்க்கைவைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வெட்டு விழும்.

அதனால் யுபிஎஸ்ஸை சர்வரோடு யுஎஸ்பி அல்லது நெட்வொர்க் கார்டு வழியே பேச வையுங்கள். கேபிள் பெட்டியிலேயே கிடக்க, அதை மாட்டாமலே ஓடும் யுபிஎஸ்கள் நிறைய. டிஜி செட் (டீசல் ஜெனரேட்டர்) கைக்கு வரும்வரை தாங்குவது மட்டும் போதாது. பேட்டரி 40 சதவீதத்துக்கு இறங்கியதும் ஸ்கிரிப்ட் முதலில் கலெக்டர் அனுப்புவதை நிறுத்தி, பின் ஆர்க்கைவ் சர்வீஸை நிறுத்தி, அது “ஸ்டாப்டு” ஆகும்வரை காத்திருந்து, அதன்பிறகே விண்டோஸை ஷட்டவுன் செய்ய வேண்டும். நேராக ஷட்டவுன் கொடுத்தால், சர்வீஸ்கள் மூடிக்கொள்ள விண்டோஸ் தரும் அவகாசம் சில நொடிகள்தான். மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி முடிக்க ஹிஸ்டோரியனுக்கு அது போதாது.

பிறகு சர்வரின் பயாஸில் (பூட் அமைப்புகள் இருக்கும் இடம்) ஓர் அமைப்பு. மின்சாரம் திரும்பியதும் என்ன செய்வது என்ற இடத்தில் பலர் “லாஸ்ட் ஸ்டேட்” வைக்கிறார்கள். ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஷட்டவுன் செய்திருந்தால் கடைசி நிலை “ஆஃப்”, ஆகவே கரண்ட் வந்தும் சர்வர் எழாது. “பவர் ஆன்” வையுங்கள். அதோடு முடியவில்லை. ஷட்டவுன் ஆனபின் யுபிஎஸ் பேட்டரி முழுதாகத் தீர்வதற்கு முன்பே இபி வந்துவிட்டால், சர்வரைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. அது அணைந்தபடியே இருக்கும். யுபிஎஸ் அமைப்பில், ஷட்டவுன் முடிந்த சில நிமிடத்தில் அவுட்புட்டைத் துண்டித்து, பேட்டரி அந்த 40 சதவீதத்துக்கு மேல் நன்றாக ஏறியபின் மறுபடி கொடுக்கும்படி வையுங்கள். அப்போது போய்ப்போய் வரும் கரண்ட்டில் சர்வர் சிக்காது.

ஆர்க்கைவ் இருக்கும் ரெய்டு கன்ட்ரோலரில் (பல டிஸ்க்குகளை ஒன்றாக நடத்தும் கார்டு) ரைட் கேஷ் (டிஸ்க்கில் எழுதுமுன் தேக்கி வைக்கும் மெமரி) இயங்கினால், அதன் பேட்டரி அல்லது கெப்பாசிட்டர் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரைட் கேஷை நிறுத்திவிடுங்கள், வேகம் குறைந்தாலும் கோப்பு பிழைக்கும். கடலோரம் என்பதால் உப்புக்காற்றில் யுபிஎஸ் டெர்மினல்களும் நெட்வொர்க் ஜாக்குகளும் பச்சை பூக்கும். மழைக்காலத்துக்கு முன், செப்டம்பரில், ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

மின்வெட்டு முடிந்து எழும் சர்வரின் கடிகாரத்தையும் நம்பாதீர்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் நேரம் பின்னுக்குப் போயிருக்கும். அப்போது கலெக்டர் அனுப்பும் சரியான நேரமுத்திரை ஹிஸ்டோரியனுக்கு “எதிர்காலம்” ஆகத் தெரியும், பல ஹிஸ்டோரியன்கள் எதிர்கால டேட்டாவை வாங்காமல் தள்ளிவிடும். பிளான்ட்டுக்குள்ளேயே கடிகாரங்களைச் சரிசெய்யும் ஒரு என்டிபி சர்வர் வைத்து, சர்வர், கலெக்டர், பிஎல்சி எல்லாவற்றையும் அதோடு கட்டுங்கள். இணையத்தை மட்டும் நம்பினால் புயலில் அதுவும் இருக்காது.

பஃபர்: உண்மையான காப்பு இதுதான்

ரீஸ்டார்ட் சர்வீஸை எழுப்பும், போன டேட்டாவைக் கொண்டுவராது. அதைச் செய்வது கலெக்டர் பக்கத்து ஸ்டோர் அண்ட் ஃபார்வர்டு பஃபர், அதாவது தேக்கி வைத்துப் பின்னர் அனுப்பும் சேமிப்பு. கலெக்டரை ஹிஸ்டோரியன் சர்வரிலேயே நிறுவாதீர்கள். பிஎல்சிக்கு அருகே தனிப் பெட்டியில், தனி யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

எவ்வளவு இடம் வேண்டும்? 2000 டேக், நொடிக்கு ஒரு மதிப்பு, ஒன்றுக்கு 24 பைட் என்று வைத்தால் நாளுக்கு 17.28 கோடி மதிப்புகள், சுமார் 4.1 ஜிபி. மூன்று நாளுக்கு 12.4 ஜிபி. டெட்பேண்ட் (சிறு மாற்றங்களைப் பதியாமல் விடும் வரம்பு) வைத்திருந்தால் உண்மையில் பத்தில் ஒரு பங்கே வரலாம், ஆனாலும் கணக்கை முழுதுக்கே போட்டு 20 ஜிபி ஒதுக்குங்கள். கோளாறு நேரத்தில்தான் எல்லா அளவீடும் ஒரே சமயத்தில் ஆடும், டெட்பேண்ட் அன்று உதவாது. பஃபர் நிரம்பினால் பழையதை அழிக்குமா, புதியதை நிராகரிக்குமா என்று அமைப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

சர்வர் எழுந்ததும் பஃபர் காலியாக நேரம் பிடிக்கும். நொடிக்கு 200 மதிப்புகள் வரும் பிளான்ட்டில் 8 மணி நேரம் நின்றிருந்தால் 57.6 லட்சம் மதிப்புகள் தேங்கியிருக்கும். நொடிக்கு 2000 வாங்கும் சர்வரில், புதிதாக வருவது போக மீதி 1800. ஆக ஏறத்தாழ 53 நிமிடம். இந்த நேரத்தில் டிரெண்ட்டில் வெற்றிடம் தெரியும். அதைப் பார்த்துப் பதறி மறுபடி ரீஸ்டார்ட் கொடுப்பதுதான் நாம் பார்க்கிற பெரிய தவறு. “ஸ்டார்ட்டிங்” என்று நீண்ட நேரம் காட்டினாலும் தொடாதீர்கள், ஆர்க்கைவைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். டிஸ்க் ஆக்டிவிட்டி இருக்கிறதா என்று ரிசோர்ஸ் மானிட்டரில் பாருங்கள். இருந்தால் விட்டுவிடுங்கள்.

நிரப்ப முடியாத ஓட்டையை இன்டர்போலேஷன் (முன்பின் மதிப்புகளை வைத்து ஊகித்து நிரப்புவது) போட்டு மூடக் கூடாது. அந்த நேரத்தை மோசமான தரம் என்று குறித்து, காரணத்தோடு பதிவேட்டில் எழுதுங்கள். மருந்து ஆலைக்கும் மாசுக் கண்காணிப்புக்கும் இதுவே நேர்மையான வழி.

உறைந்து நிற்கும் சர்வீஸுக்குக் காவல்

இரண்டு ஹார்ட்பீட் டேக், அதாவது உயிரோடு இருப்பதைக் காட்டும் டேக், வையுங்கள். ஒன்று பிஎல்சியில் நொடிக்கு ஒன்று கூடி 59 ஆனதும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும் கவுன்ட்டர். மற்றொன்று ஹிஸ்டோரியன் சர்வருக்குள்ளேயே உருவாகும் கணக்கீட்டு டேக். டாஸ்க் ஷெட்யூலரில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்ட் இரண்டின் கடைசி நேரமுத்திரையைப் படிக்கட்டும். பிஎல்சி டேக் மட்டும் 10 நிமிடம் பழையதானால் கோளாறு நெட்வொர்க்கிலோ கலெக்டரிலோ இருக்கிறது, ஹிஸ்டோரியனைத் தொடாமல் அலாரம் மட்டும் கொடுங்கள். இரண்டும் பழையதாகி, சர்வீஸ் “ரன்னிங்” என்றும் காட்டினால் அது உறைந்திருக்கிறது. அப்போது ஸ்கிரிப்ட் புராசஸைக் கொல்லட்டும், ரிகவரி டேப் மீதியைப் பார்த்துக்கொள்ளும். “ஸ்டார்ட்டிங்” நிலையில் இருந்தால் எதுவும் செய்யாமல் வெளியேற வேண்டும். 24 மணி நேரத்தில் இரண்டு முறைக்கு மேல் கொல்லக் கூடாது என்ற எண்ணிக்கையையும் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கில் காலியிடம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கும் வரியையும் இதே ஸ்கிரிப்ட்டில் சேர்க்கலாம். ஆர்க்கைவ் டிரைவில் 2 ஜிபி அளவில் ஒரு வெற்றுக் கோப்பை இருப்பாகப் போட்டு வையுங்கள். நிரம்பிய நாளில் அதை அழித்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆர்க்கைவ் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் ஸ்கேனிலிருந்து விலக்குவதும் அவசியம், கோப்பைப் பூட்டி சர்வீஸை விழவைப்பதில் அதற்கும் பங்குண்டு.

லினக்ஸில் சிஸ்டம்டி

லினக்ஸில் சர்வீஸ்களை நடத்துவது சிஸ்டம்டி. சர்வீஸின் அமைப்புகள் இருக்கும் யூனிட் கோப்பில் ரீஸ்டார்ட் என்பதை ஆன்-ஃபெயிலியர் என்று வைத்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். ரீஸ்டார்ட்செக் (மறுபடி தொடங்குமுன் காத்திருப்பது) இயல்பாக 100 மில்லிநொடி, 10 நொடிக்குள் 5 முறை தொடங்கினால் அதோடு கைவிட்டுவிடும். ஆக டிஸ்க் மவுன்ட் ஆகச் சற்றுத் தாமதமானால், ஐந்து வாய்ப்பும் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். ரீஸ்டார்ட்செக்கை 60 நொடி ஆக்கி, ஸ்டார்ட்லிமிட் இன்டர்வெலை 3600 நொடி, பர்ஸ்டை 3 என்று மாற்றுங்கள்.

சோதனை

ஷட்டவுன் நாளில், பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, பிஎல்சியை ஓடவிட்டபடியே செய்யுங்கள். ஸ்டாப் பொத்தான் இதற்கு உதவாது. டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் டேபில் புராசஸைத் தேர்ந்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். ஒரு நிமிடத்தில் எழுகிறதா, 7031 பதிவாகிறதா என்று பாருங்கள். இன்னும் இருமுறை கொன்று, மூன்றாவதில் கன்ட்ரோல் ரூம் அலாரம் அடிக்கிறதா என்று கேளுங்கள். பிறகு சர்வீஸைக் கையால் தொடங்கிவிட்டு, ஹிஸ்டோரியன் சர்வரின் நெட்வொர்க் கேபிளை 15 நிமிடம் கழற்றி மாட்டி, அந்த 15 நிமிடம் டிரெண்ட்டில் முழுதாக நிரம்புகிறதா என்று நொடி வாரியாகச் சரிபாருங்கள். ஹார்ட்பீட் கவுன்ட்டர் இருப்பதால் ஒரு நொடி விடுபட்டாலும் கண்ணில் படும். கடைசியாக யுபிஎஸ்ஸின் இன்புட்டை அணைத்து, ஷட்டவுன் ஆகும்வரை காத்திருந்து, மறுபடி கொடுத்து, யாரும் தொடாமல் சர்வர் எழுந்து டிரெண்ட் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தை ஒரு தாளில் எழுதி சர்வர் ரேக்கின் கதவில் ஒட்டுங்கள்: எழ ஆனது, ஆர்க்கைவ் சரிபார்க்க ஆனது, பஃபர் காலியாக ஆனது. இரவு ஷிப்ட்டில் இருப்பவர் அந்த எண்களைப் பார்த்துத்தான் இன்னும் காத்திருப்பதா, யாரையாவது எழுப்புவதா என்று முடிவெடுப்பார்.